சிவப்பு போடும், குறுக்கே பேசாது

1

இது கட்டுரையாகத்தான் பிறந்திருக்க வேண்டும். எங்கள் ஆசிரியர் சங்க இதழிலிருந்து ஒரு பக்கம் கேட்டார்கள்: கல்வியில் தொழில்நுட்பத்தின் நன்மைகள், தீமைகள். இடப்பக்கம் நன்மை, வலப்பக்கம் தீமை, நடுவில் ஒரு கோடு. கோட்டைப் போட்டுவிட்டேன். அதற்கப்புறம் எங்கள் பள்ளி நிமியாவை எந்தப் பக்கம் எழுதுவதென்று தெரியாமல் தாள் தாளாகக் கிழித்தாயிற்று. கடைசியில் எரிச்சலில் கோட்டையே அழித்தேன். மிஞ்சியது இந்தக் கதை.

2

டேப்லெட்டுகள் வந்த நாளில் தாகுவாரி கிராமமே விழாக்கோலம் பூண்—

இல்லை. அன்று நல்ல மழை. அவற்றைக் கொண்டுவந்த ஜீப் செம்மண் சேற்றில் புதைந்தது. மாடு கட்டி இழுத்தோம்.

எலாதியா ஒசுனா பழமைவாதி அல்ல, ஆனால்—

இதுவும் வேண்டாம். 'ஆனால்' என்று எழுதியதுமே அவளைக் கூண்டில் ஏற்றியதாகிவிடுகிறது. நேராகவே சொல்கிறேன். எலாதியா எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பு ஆசிரியை. கறாரானவள், வாய்த்துடுக்கு உள்ளவள், பிள்ளைகள்மேல் உயிரையே வைத்திருப்பவள். அவள் வகுப்புக்கும் என் வகுப்புக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அங்கே பேசுவது எல்லாம் இங்கே காதில் விழும், பலகை இடுக்கில் பார்க்கவும் முடியும்.

3

டேப்லெட்டில் ஒரு வாசிப்புச் செயலி இருந்தது. பிள்ளை ஸ்பானிஷில் உரக்க வாசிக்க வேண்டும். சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு. எங்கள் பிள்ளைகள் வீட்டில் பேசுவது இந்த மண்ணின் பழைய மொழியான குவாரனி. அந்த நாக்கோடு அவர்கள் வாசிக்கும் ஸ்பானிஷ் தலைநகர் அசுன்சியோனின் கடைக்காரருக்குப் புரியும், செயலிக்குப் புரியவில்லை. வகுப்பு முழுவதும் சிவப்பு.

பிறகு லிப்ராதா என்ற பெண் சூட்சுமத்தைக் கண்டுபிடித்தாள். தொலைக்காட்சித் தொடரில் வரும் மெக்சிகோ பணக்காரி மாதிரி இழுத்துப் பேசினால் பச்சை விழுகிறது. அவ்வளவுதான், சேற்றுக்காலோடு வரும் பிள்ளைகள் எல்லாரும் மாளிகைவாசிகள் ஆகிவிட்டார்கள்.

"ஆசிரியை அவர்களே, நான் சற்று வெளியே சென்று வரலாமா?"

"எதுக்குடி?"

"சிறுநீர் கழிக்க விரும்புகிறேன்."

"போய்ட்டு வாங்க மகாராணி. மாட்டுச் சாணியில கால் வச்சிடாதீங்க."

[இதழாசிரியர் இதை நன்மையில் சேர்க்கச் சொன்னார்: 'மாணவர்களின் உச்சரிப்பு மேம்பட்டது.' நான் சேர்க்கவில்லை.]

4

நிமியாவுக்குத் திக்குவாய். பாவப்பட்ட தேவதை மாதிரி எழுதிவிடுவேனோ என்று பயமாக இருப்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பக்கத்தில் இருப்பவரின் மரவள்ளிக்கிழங்கை எடுத்துத் தின்பாள், கேட்டால் கிள்ளுவாள். வகுப்பில் அவள் வாசிக்க எழுந்தால் முதல் எழுத்திலேயே நின்றுவிடும். உடனே எலாதியா அந்தச் சொல்லைத் தானே சொல்லி, "பரவால்ல, உக்காரு கண்ணு" என்பாள். அது அன்பு. நாங்கள் யாரும் அதைச் சந்தேகித்ததில்லை.

ஒருநாள் பள்ளி விட்ட பிறகு தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது. சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் அது. எலாதியா போய்ப் பார்த்தாள். நிமியா டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தாள். ஒரு வரி, சிவப்பு. அடுத்த வரி, சிவப்பு. மறுபடியும் முதலிலிருந்து.

"சிவப்பு சிவப்பாப் போடுதே, அதுகூட எதுக்குடி மல்லுக்கட்டறே?"

"சி... சி..."

"சிரமமா இருக்கா?"

நிமியா தலையை ஆட்டி மறுத்தாள். "சி... சி..."

"யாராவது சிரிக்கிறாங்களா?"

நிமியா காலைத் தரையில் உதைத்தாள். "சி... சிவப்பு போ... போடும். ஆனா கு... குறுக்க பே... பேசாது."

அன்று மாலை எலாதியா என் வீட்டுக்கு வந்தாள். தெரெரே, எங்கள் ஊர்க் குளிர்ந்த மூலிகைத் தேநீர், கலந்து கொடுத்தேன். குவளையைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருந்தாள்.

"அந்தத் தகரத்துக்கு இருக்கிற பொறுமைகூட எனக்கு இல்லியா?"

"அதுக்குப் பொறுமை எங்கே இருக்கு? காது இல்ல, அவ்வளவுதான்."

"அவளுக்கு ரெண்டும் ஒண்ணாப் போச்சே," என்றாள்.

5

அதற்குள் கல்வித்துறையிலிருந்து உத்தரவு வந்துவிட்டது: எப்போதும் சிவப்பு வாங்கும் பிள்ளைகளின் டேப்லெட்டுகளைத் திரும்ப வாங்கி, 'நன்கு பயன்படுத்தும்' பள்ளிகளுக்குக் கொடுக்க வேண்டும். கண்காணிப்பாளர் டெல்பின் தன் டேப்லெட்டோடு எலாதியாவின் வகுப்பில் வந்து நின்றார்.

"நிமியா, மொத்தமும் சிவப்பு. எடுத்துட்டுப் போறேன் டீச்சர். என் கையில ஒண்ணுமில்ல."

"எடுக்கறதுக்கு முன்னாடி உக்காந்து கேளுங்க. நிமியா, வாசி."

நான் எழுதிப் பார்த்த முடிவுகள்: நிமியா தங்குதடையில்லாமல் வாசி— பொய், கிழித்தேன். டெல்பினின் கண்கள் கலங்— அவர் பசியில் இருந்தார். மேசைமேல் இருந்த சிப்பா ரொட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடந்தது இது. ரயில் பாதை போட்ட கதை ஒரு பக்கம். 'ரயில்' என்ற சொல்லிலேயே நிமியா நின்றுவிட்டாள். டெல்பின் இரக்கப்பட்டு, "ரயில், பாப்பா, ரயி—" என்று ஆரம்பித்தார்.

"நீங்க சொல்லாதீங்க சார். அவ சொல்லட்டும்."

வகுப்பு அசையவில்லை. தடுப்புக்கு இந்தப் பக்கம் என் பிள்ளைகளும் பேச்சை நிறுத்திக் கேட்டார்கள். நடுவில் இடைவேளை மணி அடித்தது, லிப்ராதாகூட எழுந்திருக்கவில்லை. நிமியா முகம் சிவக்க, வேர்வை வழிய, கடைசி வரி வரைக்கும் போனாள். ஒரு சொல்லையும் விடவில்லை.

"நல்லாத்தான் வாசிக்கத் தெரியுது," என்றார் டெல்பின்.

"தெரியும்."

"ஆனா இதைப் பதிய இடமில்லையே டீச்சர். பச்சை, சிவப்பு, ரெண்டுதான் கேக்குது. நான் எதை அமுக்கட்டும்?"

எலாதியாவுக்கு அலுத்துவிட்டது. "என்னை எதுக்குக் கேக்கறீங்க? வச்சிருக்கறது அவ. அவளையே கேளுங்க."

டெல்பின் குனிந்தார். "இது உனக்கு இன்னும் வேணுமா, பாப்பா?"

நிமியா கையிலிருந்த டேப்லெட்டைப் பார்த்தாள். பிறகு, இவ்வளவு நேரம் வாயைத் திறக்காமல் காத்திருந்த வகுப்பைப் பார்த்தாள்.

"வே..." என்றாள். "வே... வே..."

6

"வேணும்னாளா, வேணாம்னாளா?" என்று இதழாசிரியர் தொலைபேசியில் கத்துகிறார். "பக்கம் அச்சுக்குப் போகணும்."

எனக்குத் தெரியும். தடுப்பு வழியாகக் கேட்டேன். எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு, அந்தச் சொல்லை அவள் முழுதாகத்தான் சொன்னாள். இந்தத் தாளில் மட்டும் அவள் இன்னும் பாதியில் நிற்கிறாள். மீதியை எழுதப் பேனாவை எடுத்தேன், கீழே வைத்துவிட்டேன்.

உங்கள் வாயிலும் ஒரு சொல் தயாராக இருக்கும். எலாதியாவின் வாயிலும் இருந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.