செயலாளர் கைப்பட்ட கிரவுட்

பருத்திப்பட்டு ஏரியைப் பார்த்தபடி நிற்கும் எங்கள் அடுக்ககத்தின் வரலாற்றைத் திருப்பிப்போடும் அறிவிப்பு, சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் வெளியானது. சங்கச் செயலாளர் மணவாளன் தம் குளியலறை டைல்ஸ் இடுக்குகளை அடைக்கும் கிரவுட் கலவையைத் தம் கைகளாலேயே பூசவிருக்கிறார். உறுப்பினர்கள் ஒத்துழைக்க வேண்டும்.

எதில் ஒத்துழைப்பது என்று சொல்லவில்லை.

மறுநாள் மாலை சங்கத் தேர்தல். மணவாளனின் கீழ்வீட்டுக்காரர் அமல்ராஜின் குளியலறைக் கூரையில் ஒரு மாதமாகச் சொட்டுகிறது. லிஃப்டில் அகப்பட்டவர்களிடமெல்லாம் அவர் ஒரே கேள்வியைக் கேட்டுவந்தார்: "தன் ஊட்டுத் தண்ணியவே அடக்கத் தெரில, இவரு அசோசியேஷன இன்னாத்த கட்டி மேய்க்கப் போறாரு?"

நான்காவது முறையும் செயலாளராக வேண்டுமானால் ஒழுகல் நின்றாக வேண்டும். கீழே போய் எங்கே ஒழுகுகிறது என்று பார்த்திருக்கலாம். ஆனால் குறை சொல்பவர் வாசலை மணவாளன் மிதிப்பதில்லை, அது கொள்கை.

எபாக்ஸி கிரவுட் வாங்கிவந்தார். சீக்கிரம் இறுகிவிடும், கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கவும் என்று பெட்டியில் எழுதியிருந்தது. மணவாளன் சுற்றறிக்கை எழுதுவார், பெட்டியைப் படிக்கமாட்டார். மொத்தத்தையும் வாளியில் கொட்டிக் கலக்கிவிட்டு, நீர் மேலாண்மை பற்றிக் குழுவுக்கு வீடியோவில் அரை மணி நேரம் உரையாற்றினார். உரை முடிந்தபோது வாளியில் பாறை இருந்தது.

இரண்டாவது பெட்டி வந்தது. தவழ்ந்து, மல்லாந்து, முழங்கால் தேய்ந்து, மாலைக்குள் பூசி முடித்தார். ஒரு நாள் முழுக்க அங்கே தண்ணீர் படக்கூடாது என்று கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். வீட்டில் நான்கு பேரும் மற்றொரு குளியலறையில் குளித்தார்கள்.

ஞாயிறு மதியம் அமல்ராஜ் தலை நனைந்து வந்து நின்றார்.

"சார், நேத்துலர்ந்து டபுளா ஊத்துது. மேல இன்னா பண்ணிகினு கீறீங்க?"

தேர்தல் நேரத்துப் பொய் இது என்றார் மணவாளன். பூட்டைத் திறந்து, கோடு கோடாக மின்னிய தரையைக் காட்டினார். நேற்றிலிருந்து இங்கே ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விழவில்லை என்றார்.

பின்னால் நின்ற மனைவி கோமளா தலையைத் துவட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "ஏங்க, நேத்துலேர்ந்து எல்லாரும் அந்த இன்னொரு பாத்ரூம்லதானே குளிக்கிறோம்."

ஒழுகியது அந்தக் குளியலறைதான். மணவாளன் பூசியது ஒழுகாததை.

மாலைக்குள் விஷயம் எல்லா மாடிக்கும் தெரிந்துவிட்டது. தேர்தலில் மணவாளனே மீண்டும் செயலாளரானார். வேறு யாரும் நிற்கவில்லை.