இன்வெர்ட்டர் மேல் ஒரு கள்ளி

எவாஞ்சலினுக்கு வயிறு எரிந்தது. அவளும் எதிர்வீட்டுச் சுவாதியும் சேர்ந்து குன்றத்தூர் நர்சரியில் வாங்கிய ஒட்டுக்கள்ளியின் அடிக்கட்டை அழுகிப்போனதால், மேலிருந்த இரண்டு உருண்டைகளையும் அறுத்துக் காயவைத்து, ஆளுக்கொன்றாகக் கேண்டீன் கப்பில் மணல் போட்டு ஊன்றினார்கள். மார்கழிக் குளிரில் மொட்டைமாடிச் சுவர்மேல் இருந்த எவாஞ்சலினின் கள்ளி வேரே விடவில்லை. வீட்டுக்குள்ளே இன்வெர்ட்டர் சூட்டில் வைத்த சுவாதியுடையதோ சீக்கிரமே வேர்விட்டது. அதைக் கம்பெனி பஸ் முழுக்கச் சொல்லிப் பீற்றிக்கொண்டாள் அந்த மகராசி. வெறுத்துப்போன எவாஞ்சலின் மாடிப்பக்கம் போவதையே விட்டுவிட்டாள்.

இருவருக்கும் வேறு வேறு ஷிஃப்ட் என்பதால், ஒருத்தி வீட்டுச் சாவி இன்னொருத்தியிடமும் இருக்கும். அன்று சுவாதி ஓ.டி.யில் இருந்தாள். கேஸ் சிலிண்டரை வாங்கி வைக்கப் போன எவாஞ்சலின், இன்வெர்ட்டர் மேலிருந்த கள்ளியைப் பிடுங்கினாள். அடியில் நூல் நூலாக வெள்ளை வேர். அத்தனையையும் நகத்தால் கிள்ளிப்போட்டு, ஒன்றும் தெரியாதவள்போல் திரும்ப ஊன்றினாள். மனசு குளிர்ந்தது.

சாயங்காலம் சுவாதி சிரித்துக்கொண்டே வந்தாள்.

"அக்கா, இன்வெர்ட்டர் மேல கீறது உங்க செடிதான். என்னுது வேர் வுட்டாச்சே, இனிமே குளிர் தாங்கும்னு போன வாரமே அத மாடில வெச்சிட்டு, உங்களுத உள்ள கொண்டாந்துட்டேன். வாங்க, வேர் வந்துச்சான்னு தூக்கிப் பாக்கலாம்!"

இவளை யார் மாற்றி வைக்கச் சொன்னது? எவாஞ்சலினுக்கு அப்போதும் சுவாதி மேல்தான் ஆத்திரம் வந்தது.