குமிழி வராத குடல்

அத்தான் ஒரு வாக்கு வாங்கியிருந்தார். சும்மா இல்லை, ஆபரேஷனுக்கு முதல் நாள் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கறாராக வாங்கினார்.

"இந்தா வாலு, குடலை வெட்டு, ஒட்டு, என்ன வேணாலும் பண்ணு. வயித்துல மலம் பிடிக்கிற பையை மட்டும் தொங்க விட்டுடாதே. சட்டையை டக் பண்ணாம நம்ம துணிக்கடையில நின்னா எவன் மதிப்பான்?"

வாலு என்பது ஊரறிந்த குடல் சர்ஜன். அத்தானுக்கு மட்டும் இன்னும் மனைவியின் வாலுத் தங்கைதான். சொந்தக்காரருக்குக் கத்தி எடுக்க மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தாள், மனிதர் மசியவில்லை. 'தேவைப்பட்டால் பை' என்ற சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வாய்வாக்கும் கேட்டார்.

"தைச்ச இடத்துல காத்தடிச்சுப் பார்ப்போம் அத்தான். குமிழி வரலைன்னா பை கிடையாது" என்று அவளும் சொல்லித் தொலைத்தாள்.

குடலில் இருந்த புற்றுக்கட்டியை எடுத்து, இரு முனைகளையும் இணைத்தாயிற்று. வயிற்றுக்குள் தண்ணீர் ஊற்றி, கீழிருந்து காற்றடித்தார்கள், பஞ்சர் கடையில் ட்யூபைப் பார்ப்பதுபோல. ஒரு குமிழிகூட இல்லை.

"சூப்பர் மேடம், மூடிடலாமா?" என்றார் உதவி டாக்டர்.

அவளுக்குக் கை வரவில்லை. இணைப்பு ஆசனவாய்க்கு ரொம்பப் பக்கத்தில். ஏற்கெனவே கதிர்வீச்சு வாங்கிய குடல். வெட்டிய விளிம்பில் ரத்தம் வேண்டாவெறுப்பாகக் கசிந்ததைப் பார்த்திருந்தாள். குமிழி இன்றைக்கு மட்டும்தான் சாட்சி சொல்லும். ரத்தம் போதாமல் புண் ஆறாவிட்டால் சில நாளில் தையல் விட்டு, மலம் வயிற்றுக்குள் ஒழுகும். அப்புறம் அத்தான் பிழைப்பதே பெரும்பாடு.

"வேண்டாம். பை வைக்கலாம்" என்றாள். சிறுகுடலின் ஒரு மடிப்பை வயிற்றுக்கு வெளியே திறந்துவிட்டால், புண் ஆறும்வரை அந்தத் தையல் பக்கம் மலம் போகாது.

கண் விழித்ததும் அத்தானின் கை முதலில் வயிற்றைத்தான் தடவியது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அன்றிலிருந்து அவளிடம் பேச்சில்லை. அக்காகூட, "சொன்ன வாக்குன்னு ஒண்ணு இருக்குல்லடி" என்று முணுமுணுத்தாள்.

வீட்டுக்குக் கிளம்பும் நாளில்தான் வாய் திறந்தார்.

"குமிழி வந்துச்சா?"

"இல்லை அத்தான்."

"அப்போ வாக்கு?"

"மீறிட்டேன். பயமா இருந்துச்சு. சில மாசத்துல பையை எடுத்துடலாம்."

"அது இல்லாட்டி ஒழுகியிருக்குமா?"

"தெரியலை. இனிமே தெரியப்போறதும் இல்லை."

அத்தான் அவளையே பார்த்தார். "அப்போ உன்னைத் திட்டறதா, கும்பிடறதா?"

"உசிரோட இருக்கீங்கல்ல, நிதானமா முடிவு பண்ணுங்க."

அவர் யோசிக்கவெல்லாம் இல்லை. அங்கேயே திட்டத் தொடங்கினார். அவள் படித்த படிப்பைக்கூட விட்டுவைக்கவில்லை. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள்.