போய்க் காண்பி

சித்தூர் சபையின் செயலாளர் பிலிப், தன் மனைவி எப்சிபாவைப் பிடித்த குஷ்டம் ஜெபத்தால் நீங்கிவிட்டதென்று பலமனேரிலும் குப்பத்திலும் மைக் பிடித்துச் சாட்சி சொல்லிவிட்டு வந்தவன். புதிதாக வந்த போதகர் இன்பசேகரன் மட்டும் அதைக் கேட்டு அல்லேலூயா சொல்லவில்லை. ஆராதனை முடிந்ததும் அவனை உட்காரவைத்து மத்தேயு எட்டாம் அதிகாரத்தைத் திறந்தார்.

"குஷ்டரோகியைச் சுகமாக்கிட்டு இயேசு என்ன சொல்றார், பாருங்க. ஒருத்தருக்கும் சொல்லாதே, போய் ஆசாரியனுக்கு உன்னைக் காண்பி. நீங்க ஊரெல்லாம் சொல்லிட்டீங்க. யார்கிட்ட காமிச்சீங்க?"

"அது யூதருங்க சுத்திகரிப்புச் சடங்கு தானே ஐயா? நமக்கு எதுக்கு?"

"சடங்கு அப்புறம். அவங்க சட்டப்படி மொதல்ல கோயில் ஆசாரியன் கண்ணால பாக்கணும். சந்தேகம்னா ஏழு நாள் கழிச்சு திரும்பவும் பாக்கணும். அவன் பாக்காம குஷ்டம்னு யாரையும் ஊரை விட்டுத் தள்ளவும் முடியாது, சேக்கவும் முடியாது. இந்தக் காலத்துல அந்த வேலை டாக்டருது."

பிலிப்புக்கு அது பிடித்துப்போனது. டாக்டர் கையெழுத்துப் போட்ட காகிதம் இருந்தால் சாட்சிக்கு இன்னும் பலம்தானே? செவ்வாய்க்கிழமையே மனைவியைக் கூட்டிக்கொண்டு திருப்பதிக்குப் பஸ் ஏறினான். அவள் ஒரு சீட்டில், அவன் வேறொரு சீட்டில். சுகமாகிவிட்டாள் என்று ஊருக்குச் சொன்னவனுக்கும் பக்கத்தில் உட்காரத் துணிவு வரவில்லை.

டாக்டர் தேவசேனா, பிலிப்பின் செல்போனில் இருந்த திட்டுகளின் பழைய போட்டோவைப் பார்த்தார். எப்சிபாவின் தோளில் மிச்சமிருந்த இரண்டு வெளிர் திட்டுகளைப் பார்த்தார். கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டார்; தொட்ட இடத்தையெல்லாம் அவள் சரியாகச் சொன்னாள். தோலைக் கொஞ்சம் சுரண்டியெடுத்து மைக்ரோஸ்கோப்பிலும் பார்த்துவிட்டு வந்தார்.

"இது தேமல்மா. அப்பவும் அதான், இப்பவும் அதான். போகும், திரும்ப வரும். குஷ்டம்னு எந்த டாக்டர் சொன்னது?"

எப்சிபா திரும்பிப் பிலிப்பைப் பார்த்தாள். எந்த டாக்டரும் சொல்லவில்லை. ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு அவன்தான் சொன்னான். மறுநாளே அவளுக்குத் தனித் தட்டு, பின்னறையில் தனிப் பாய்.

"குஷ்டமாவே இருந்தாலும் மாத்திரை இருக்குது. யாரையும் பிரிச்சு வெக்கத் தேவையில்ல" என்றார் டாக்டர்.

பிலிப் வெளியே வந்து படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"மூணு வருஷம்ங்க," என்றாள் எப்சிபா. "ஒரே ஒரு வாட்டி இட்டாந்து காமிச்சிருக்கலாம் இல்ல?"

"பயந்துட்டேன்."

"நானும்தான் பயந்தேன். தனியா படுத்துக்கினு பயந்தேன்."

அவன் அங்கிருந்தே போதகருக்குப் போன் செய்தான். "ஐயா, ஞாயித்துக்கிழமை நான் பேசணும். சாட்சி இல்ல ஐயா. பாவ அறிக்கை."

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் எப்சிபா கூடத்தில் உட்கார்ந்து மகளைக் கூப்பிட்டாள். ஒன்பது வயது பிளெஸ்ஸி ஓடிவந்து, வழக்கமாக நிற்கும் தூரத்தில் நின்றுகொண்டாள். "கிட்ட வாடி" என்று அம்மா கை நீட்டியதும் குழந்தை மிரண்டுபோய் அப்பாவைப் பார்த்தாள்.

"நைனா, தொடலாமா?"

பிலிப்பின் பதிலுக்கு எப்சிபா காத்திருக்கவில்லை. எழுந்து போய்ப் பிள்ளையை வாரி இழுத்து இடுப்போடு சேர்த்துக்கொண்டாள். பிளெஸ்ஸி கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் விறைத்து நின்றாள்.