நகுலேஸ்வரியின் கிரைண்டர் மோட்டர்

1

நான் ஒரு சுவிட்ச் பொருத்திக் கொடுத்தேன். அதிலிருந்துதான் இந்தக் கதை வந்தது.

2006இல் லண்டன் கிங்ஸ்பரியில் செவ்வாய்தோறும் மின்சாதனங்கள் திருத்தும் மாலை வகுப்பு நடந்தது. பக்கத்து மேசையில் நகுலேஸ்வரி அக்கா. வீட்டுக் கிரைண்டரிலிருந்து கழற்றிய மோட்டரை இரண்டு இரும்பு உருளைகளோடு பட்டியால் இணைத்திருந்தார். எதை அரைக்க என்று நான் கேட்கவில்லை. அன்றைய நாட்குறிப்பில் இருப்பது இரண்டே சொற்கள்: 'சுவிட்ச், சரி.'

2

முதல் தொடக்கம்: 'சண்முகராசா தோட்டக் கொட்டிலில் ஒளித்து பியர் காய்ச்சினார்.'

(வெட்டிவிட்டேன். காய்ச்சியது அவரல்ல, அவர் மனைவி நகுலேஸ்வரி. பியர் என்றதும் என் பேனா கணவனைப் பிடித்துக்கொண்டது. அவரோ ஆர்ச்வே முருகன் கோவிலில் சத்தியம் செய்து குடியை விட்டு நான்கு வருடமாகிறது.)

இரண்டாவது தொடக்கம்: 'நகுலேஸ்வரிக்கு பியர் என்றால்—'

(இதுவும் பொய். அவள் ஒரு துளி குடித்ததில்லை. கதைக்குள் அக்காவை 'அவள்' என்றே எழுதுகிறேன். கிட்டப் போக வேறு வழி தெரியவில்லை.)

3

ஜெர்மனியில் பதினொரு வருடம் பியர் ஆலையொன்றில் போத்தல் கழுவினாள். சுவருக்கு அப்பால் பார்லி வேகும். பேக்கரியில் சுட்டெடுத்த பாணும் தேனும் கலந்ததுபோல ஒரு வாசம். அது எப்படி உண்டாகிறது என்று பார்க்க ஒருநாளும் உள்ளே விடவில்லை. வீட்டிலோ அதே பியர் அவள் கணவனைத் தரையில் விழுத்திக்கொண்டிருந்தது. அதைத் தானே செய்து பார்க்கும் ஆசையை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

லண்டனில் அவர் ஷிப்டுக்குப் போன சனிக்கிழமையொன்றில் தோட்டக் கொட்டிலில் தொடங்கினாள். முளைகட்டி உலர்த்திய பார்லியை வெறுமனே உடைக்க வேண்டும். தோசைக்கு அரைத்த கை கேட்குமா? உருளைகளை நெருக்கி, பட்டுப்போல மாவாக்கிவிட்டாள். சுடுதண்ணீர் ஊற்றியதும் வாளி நிறையக் களி. காய்ச்ச வேண்டிய சாறு ஒன்றும் வடியவில்லை.

"பார்லியில கூழ் காய்ச்சியிருக்கிறன், நிரூபன்," என்றாள் வகுப்பில். "நண்டும் ஒடியல்மாவும் போட்டிருந்தால் உம்மையும் கூப்பிட்டிருப்பன்."

அந்த உருளைகள் எதற்கென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"அண்ணைக்குத் தெரியுமோ, அக்கா?"

"தெரியாது. நான் வாயிலயும் வையன். ஒருக்காச் செய்து பார்த்திட்டு ஊத்திப்போடுவன்."

"அவருக்கு மணந்தால்?"

அவள் உருளைகளின் இடைவெளியைக் கொஞ்சம் தளர்த்தினாள்.

4

அடுத்த சனிக்கிழமை சரியாக வந்தது. பானையில் பொன்னிறமாய் ஆறிக்கொண்டிருந்தது. இனி ஈஸ்ட் போட வேண்டியதுதான். அது போடும்வரை குடித்தால் ஏறும் வெறி அதில் இல்லை. போட்டால் ஒரு வாரத்தில் பியர்.*

கொட்டில் கதவு திறந்தது. ஷிப்ட் வெள்ளென முடிந்து சண்முகராசா வந்திருந்தார். கிரைண்டர் பழுது என்று அவள் சொல்லியிருந்தாள். அதைத் திருத்தலாமென்று ஸ்குறூ டிரைவரோடு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இந்த மணம் எனக்குத் தெரியும்."

"பார்லித் தண்ணி," என்றாள்.

"எத்தனை நாளைக்குப் பார்லித் தண்ணி?"

ஈஸ்ட் பொட்டலம் அவள் கையில் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "நகுலா, நான் உள்ள வரட்டோ, போகட்டோ?"

* இதை நானே பார்த்ததுபோல எழுதியிருக்கிறேன். அடுத்த செவ்வாய் அவள் சொன்னது இந்தக் கேள்விவரை மட்டும்.

5

முடிவுகள் என்னிடம் மூன்று இருந்தன. அவள் பானையைக் கவிழ்க்கிறாள். (பதினொரு வருடமும் அதோடு போகும்.) அவர் உள்ளே வந்து அவளோடு கிண்டுகிறார். (எனக்கு ஆசை. நம்பிக்கை இல்லை.) மூன்றாவதை அதே வகுப்பில் எழுதத் தொடங்கியபோது அக்கா என் கொப்பியை எட்டிப் பார்த்தார்.

"என்னை எப்பிடியும் எழுதும்," என்றார். "அவரைக் குடிக்கப் பண்ணாதையும்."

"பிறகு என்ன நடந்தது, அக்கா?"

மோட்டரைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தார். அடுத்த செவ்வாய் அவர் மேசை வெறுமையாக இருந்தது.

ஆகவே இங்கேயே நிறுத்துகிறேன். ஈஸ்ட் பொட்டலத்தின் ஓரம் இன்னும் கிழிபடவில்லை. நான் இன்னும் ஒரு வரி எழுதினாலும் கிழிந்துவிடும். சுவிட்ச் பொருத்தியபோது நான் எதையும் கேட்கவில்லை. நீங்கள் கிழிப்பதானால், வாசலில் நிற்கிறவரை முதலில் ஒருமுறை பாருங்கள்.