இரும்புக்குக் காது கேட்காத மெஷின்

நெவில் பெடோஸ் முப்பத்தொரு வருஷம் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவருக்கு வருஷத்துக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. முதல் வருஷம் தேனீ வளர்ப்பு. ஆகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் தேனீக்கள் மொத்தமாகக் கிளம்பிப் பக்கத்து வீட்டுப் புகைபோக்கிக்குக் குடிபோய்விட்டன. அடுத்த வருஷம் அக்கார்டியன். அதைப் பற்றிப் பேச அவர் மனைவி க்ளெனிஸ் இன்றுவரை மறுக்கிறாள். இந்த வருஷம் மெட்டல் டிடெக்டர். மண்ணுக்குள் கிடக்கும் காசு பணம் எல்லாம் பீப் பீப் என்று கத்திக் கூப்பிடுமாம்.

"மே மாசம் முடியட்டும், பரணுக்குப் போயிடும்" என்று க்ளெனிஸ் கெடு வைத்திருந்தாள். பரணில் அக்கார்டியனுக்குப் பக்கத்தில் இடம்கூட ஒதுக்கிவிட்டாள்.

அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. மூன்று மாதத்தில் நெவில் தோண்டி எடுத்த புதையல் இதுதான்: பீர் டின் வளையம் நூற்றுப்பத்து, சுட்டுத் தீர்ந்த தோட்டாவின் பித்தளை அடி ஏழு, ஒரு கரண்டிக் காம்பு. அத்தனையும் மச்சினர் வீட்டுத் தோட்டத்தில் கிடைத்தவை. வேறு எங்கே போவார்? இந்தப் பொழுதுபோக்கில் மெஷின் பாதிதான், மீதிப் பாதி நிலத்துக்காரரின் அனுமதி. கேட்காமல் அடுத்தவர் நிலத்தில் கால் வைப்பவனை டிடெக்டர் கிளப்பில் யாரும் பக்கத்தில் சேர்க்கமாட்டார்கள். தோண்டிய குழியை மூட வேண்டும், கிடைத்தது துருப்பிடித்த கொக்கியானாலும் நிலத்துக்காரரிடம் காட்ட வேண்டும். இதெல்லாம் அங்கே எழுதாத சட்டம்.

நெவில் பதினாறு பண்ணைகளில் கதவைத் தட்டிப் பார்த்தார். தபால் கொண்டுபோன காலத்தில் இனிக்க இனிக்கப் பேசியவர்கள், டிடெக்டர் என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர் மனசு கிடந்து ஏங்கியது என்னவோ ஒரே ஒரு நிலத்துக்குத்தான்: மார்ஜரி ப்ரீஸின் சேப்பல் வயல். சேப்பல் என்கிற இடிந்துபோன பழைய சின்னத் தேவாலயத்தின் காலடியில், நூற்றுக்கணக்கான வருஷங்களாகச் சந்தை கூடிய இடம். சந்தை என்றால் காசு, காசு என்றால் கை தவறி விழுந்த காசு. ஆனால் ப்ரீஸம்மாவிடம் அதைக் கேட்க ஊரில் ஒருவருக்கும் தைரியம் கிடையாது. எட்டு வருஷத்துக்கு முன்னால் எவனோ ஒருவன் அந்த வயலில் குழி தோண்டிவிட்டு மூடாமல் போக, அதில் கால் வைத்த கறவை மாடு ஒன்று காலை முறித்துக்கொண்டது. அன்றிலிருந்து டிடெக்டர்காரன் என்றாலே அந்தம்மா நாயை அவிழ்த்துவிடுவார்.

அப்படிப்பட்ட ப்ரீஸம்மாவே வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"தபாலு, உன்கிட்ட அந்தக் கூவுற மெஷின் இருக்குதாமே?"

"இருக்குதும்மா."

"கிளம்பி வா. என் புல்லுக்குள்ள ஒரு இரும்புப் பல் கிடக்குது."

அந்த சேப்பல் வயலில்தான் மே மாதத்து முதல் புல் அறுப்பு. அறுத்த புல்லைக் கிளறிக் காயவைக்கும் இயந்திரத்துக்கு முழ நீளத்தில் கம்பிப் பற்கள் உண்டு. அதில் ஒன்று நேற்று உடைந்து விழுந்துவிட்டது. மேட்டுப்பக்கம் ஓட்டி முடித்தபோது எண்ணிக்கை சரியாக இருந்ததாம், ஆகவே அது பள்ளத்து இரண்டு ஏக்கரில்தான் கிடக்க வேண்டும். மத்தியானம் புல்லை அள்ளி நறுக்கும் பெரிய இயந்திரம் வருகிறது. அதன் வாய்க்குள் அந்தப் பல் போனால் கத்திகள் அத்தனையும் சுக்குநூறு. அறுத்த புல் மழையில் அழுகும். குளிர்காலத்தில் நூற்றிருபது மாடுகளுக்குத் தீனி இருக்காது.

"கண்டுபிடிச்சுக் கொடு" என்றார் ப்ரீஸம்மா. "புல் ஏறினதும் அந்த சேப்பல் வயல் பூரா உனக்குத்தான். எனக்கு வாக்கு ஒண்ணுதான்."

நெவிலுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தபால் கிடங்கில் கொடுத்த பழைய கனமான பூட்ஸை மாட்டிக்கொண்டு, ரொட்டியை வாயில் கவ்வியபடியே வண்டியை எடுத்தார்.

எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு மணிவரை நடந்தார். புல்லை நீள நீளமாக வரிசை கட்டி ஒதுக்கியிருந்தார்கள். ஒவ்வொரு வரிசைக்கு மேலும் மெஷினை வீசினார், வரிசைகளுக்கு நடுவிலும் வீசினார். மெஷின் சமத்தாக, சத்தமே போடாமல் வந்தது. பதினொன்றரை மணிக்கு ஒரே ஒருமுறை கூவியது, அதுவும் எப்படி! இத்தனை நாள் கேட்காத ஒரு தேன் குரல். மண்டியிட்டுத் தோண்டினார். நான்கு விரல் ஆழத்தில், சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, மெல்லிய வெள்ளிக் காசு. நடுவில் ஒரு ராஜா, கிரீடமும் சுருட்டை முடியுமாக முறைத்துக்கொண்டிருந்தார். எழுநூறு வருஷத்துக்கு முன்னால் சுத்தியலால் அடித்த காசு. நெவில் பெடோஸ் புல்லில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். சந்தோஷத்தில் அழுவதில் அவருக்கு வெட்கம் எதுவும் இல்லை.

குழியை மூடி, மேல் புல்லை மிதித்து, தடம் தெரியாமல் செய்துவிட்டுக் கொட்டகைக்குப் போனார். ப்ரீஸம்மா பால் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"பல் கிடைச்சுதா?"

"அங்க இல்லவே இல்லைம்மா. ஒரு அங்குலம் விடல. ரோட்டுல எங்கயோ விழுந்திருக்கும். வயல் சுத்தம், சத்தியமா சொல்றேன்."

ப்ரீஸம்மா நிமிர்ந்து வேல்ஸ் மலைப்பக்கம் பார்த்தார். மேகம் கருத்துக்கொண்டு வந்தது. "சரி, புல் நறுக்குற கேரத்தை உடனே வரச் சொல்றேன்" என்று போனை எடுத்தார். காசைக் காட்ட நெவில் பைக்குள் கை விட்டார். அந்தம்மா அதற்குள் போனில் கத்த ஆரம்பித்துவிட்டதால், பிறகு காட்டலாம் என்று வண்டிக்குத் திரும்பினார்.

வண்டியில் உட்கார்ந்து முதல் வேலையாகக் கிளப் நண்பர் ரோலியைக் கூப்பிட்டார். அவருக்கு டிடெக்டர் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவரே ரோலிதான்.

"ரோலி, வெள்ளிக் காசுப்பா! சுத்தியல் அடிச்சது!"

"அட, அடிச்சியே யோகம்! கிளப்புல இந்த வருஷத்துக்கு இதான் முதல். எந்த வயல்? எவ்வளவு ஆழம்? மெஷினை எந்த செட்டிங்ல வெச்சிருந்தே?"

"நீ வெச்சுக் கொடுத்ததுலதான். நான் எதையும் தொடல."

"அப்படித்தான் இருக்கணும். இரும்பு பூராவும் அமுக்கி வெச்சிருக்கேன்ல? ஆணி, லாடம், கம்பி எதுக்கும் மூச்சு விடாது. வெள்ளி, செம்பு, தங்கம் மட்டும்தான் கூவும். இரும்பைத் தோண்டி யாருக்குய்யா லாபம்?"

நெவில் கையிலிருந்த ராஜா இன்னும் முறைத்துக்கொண்டிருந்தார்.

"நெவிலு? இருக்கியா?"

டிடெக்டர் பிடித்த எவனைக் கேட்டாலும் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்: இரும்பை அமுக்கு. பழகப் பழக அது மறந்தே போகும், மூக்குக்கண்ணாடி போட்டிருப்பது மறந்துபோகிற மாதிரி. இரும்புப் பல்லைத் தேட வந்த நெவில், இரும்பு எதிரில் வந்தால் வாயைத் திறக்காத மெஷினோடு நான்கு மணி நேரம் நடந்திருக்கிறார். அந்தப் பல்லின் தலைமேலேயே எத்தனை முறை வீசினாரோ!

தெருவில் பெரிய இயந்திரத்தின் சத்தம் கேட்டது.

பேசாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. பல் நிஜமாகவே ரோட்டில் விழுந்திருக்கலாம் அல்லவா? சொன்னால் சேப்பல் வயல் போச்சு, அது நிச்சயம். சொல்லாவிட்டால்? கொட்டகையில் வரிசையாக நின்று அசைபோடும் மாடுகள் நினைவுக்கு வந்தன. அந்தம்மா அவர் வார்த்தையை நம்பி அல்லவா போன் போட்டார்! நெவில் வண்டிக் கதவைச் சாத்தக்கூட இல்லை. ஓடினார். முப்பத்தொரு வருஷம் நாய்களுக்குப் பயந்து ஓடிய கால்கள் அன்று கை கொடுத்தன. வயல் வாசலில் இயந்திரம் திரும்பும்போது இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அதன் வாய்க்கு முன்னால் போய் நின்றுவிட்டார்.

"யோவ் பெருசு, நகரு! புல்லோட சேத்து நறுக்கிடுவேன்" என்று மேலிருந்து கேரத் கத்தினான். நாற்பது வயதுக்காரன், குரல் மட்டும் இயந்திரத்தைவிடப் பெரிது.

"நிறுத்துப்பா! பல் உள்ளதான் கிடக்குது!"

கேரத் பட்டென்று இஞ்சினை அணைத்தான். "அய்யய்யோ. இரும்பு வந்தா நிக்கிற கருவி போன வருஷமே செத்துப்போச்சு இதுல. பல் உள்ள போயிருந்தா என் பொழப்பே போயிருக்கும்."

பின்னாலேயே ப்ரீஸம்மா நாலு சக்கர பைக்கில் வந்து இறங்கினார்.

"என்ன கூத்து இது? சத்தியம் பண்ணியே?"

"பண்ணேன்மா. தப்பு என்னுதுதான். என் மெஷினுக்கு இரும்புன்னா காது கேக்காது. நானே அதோட காதைப் பொத்தி வெச்சிருந்தேன். இந்தாங்க, இதான் எனக்குக் கிடைச்சது." காசை நீட்டினார்.

ப்ரீஸம்மா காசைப் பார்க்கவே இல்லை. "இரும்பைத் தேட வந்தவன், இரும்புக்குக் காதைப் பொத்திக்கிட்டா வருவான்? இத்தனை நாள் என் வீட்டு லெட்டர் எல்லாம் சரியா வந்துதா, இல்ல அதுவும் இப்படித்தானா?" கேரத் சிரித்துவிட்டான். ப்ரீஸம்மா சிரிக்கவில்லை. "மழை மூணு மணிக்கு. ஒரு மணி நேரம் தர்றேன். சேப்பல் வயலை மட்டும் மறந்துடு."

நெவில் மெஷினில் அமுக்கி வைத்திருந்த இரும்பைத் திறந்துவிட்டு ஓரடி எடுத்து வைத்தார். பீப். இன்னொரு அடி. பீப். வலது பக்கம் வீசினால் பீப், இடது பக்கம் வீசினால் பீப். வயல் முழுக்க இரும்பா என்று பதறி, கண்ட இடத்தில் எல்லாம் புல்லைக் கிளறினார். ஒன்றும் இல்லை. கேரத் டிராக்டர் படியில் உட்கார்ந்து ரொட்டி தின்றபடி ஒரு சினிமா பார்க்கிற சுகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

"பெருசு! உன் பூட்ஸு முன்னாடி இரும்புக் குல்லாய் இருக்குதே, அதுக்குத்தான் கத்துதோ என்னமோ!"

நெவில் மெஷினைத் தன் கால் விரல்களுக்கு மேலே கொண்டுபோனார். அது கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்தியது. மூன்று மாதமாக அந்த பூட்ஸோடுதான் தேடினார். இரும்பை அமுக்கி வைத்திருந்ததால் மெஷின் ஒருநாளும் அதைக் காட்டிக்கொடுத்ததில்லை.

பூட்ஸைக் கழற்றி வீசினார். வெறும் காலுறையோடு நடந்தார். அறுத்த புல்லின் தாள்கள் ஊசியாகக் குத்தின. நடுநடுவே முட்செடி வேறு. "ஊ! ஆ!" என்று ஒற்றைக்காலில் குதித்துக் குதித்து அரை ஏக்கர் முடித்தபோது, வயல் வாசலில் க்ளெனிஸ் நின்றுகொண்டிருந்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆளைக் காணோமே என்று டப்பாவும் தேநீர்க் குடுவையுமாக வந்திருந்தாள்.

"தேனீ பரவால்ல. அக்கார்டியன்கூடப் பரவால்ல" என்றாள். "இது என்ன நடனம், நெவில்?"

அவர் மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். க்ளெனிஸ் அவர் கால்களைப் பார்த்தாள். ஒரு காலுறை கிழிந்து கட்டைவிரலில் ரத்தம் தெரிந்தது. பிறகு தன் காலைப் பார்த்தாள். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், ஒரு ஆணிகூட இல்லாதது.

"கொடு இங்க அதை."

"உனக்கு வீசத் தெரியாது, தாழ்வா, மெதுவா..."

"முப்பத்தஞ்சு வருஷமா வீடு பெருக்குறேன். எனக்கா தெரியாது?"

நிஜமாகவே வீடு பெருக்குகிற மாதிரிதான் வீசினாள், ஒரு மூலை விடாமல். ஒரு லாடம் கிடைத்தது, கேலியாகத் தூக்கிக் காட்டினாள். பழைய சங்கிலிக் கண்ணி ஒன்று. மேகம் தலைக்கு மேல் வந்து முதல் துளி நெவிலின் மூக்கில் விழுந்தது. கேரத் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். கடைசிக்கு முந்தின வரிசையில் மெஷின் கரகரவென்று கட்டைக் குரலில் உறுமியது. க்ளெனிஸ் புல்லுக்குள் கைவிட்டு, முழ நீளக் கம்பிப் பல்லை உருவி எடுத்து, தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். ஓடி வந்த நெவிலைப் பார்த்த அவள் முகம் சிவந்து, கண்ணெல்லாம் பளபளத்தது. கல்யாணத்தன்றுகூட அவர் இப்படிப் பார்த்ததில்லை.

"நெவில், அது உறுமிச்சு! என் கைக்குள்ளயே உறுமிச்சு!"

புல் பெருமழைக்கு முன் ஏறிவிட்டது. கடைசி வண்டி போனதும் ப்ரீஸம்மா இருவரையும் சமையலறைக்குக் கூப்பிட்டு, ஈரக் காலுக்குத் துவாலையும் ஆளுக்கொரு பெரிய துண்டு அடுப்பில் சுட்ட ஆப்பிள் பையும் கொடுத்தார். மேசையில் பல்லும் காசும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ப்ரீஸம்மா பல்லை எடுத்துத் துடைத்து, முத்தம் கொடுக்காத குறையாகப் பார்த்துவிட்டு, அடுப்புக்கு மேலே ஆணியில் மாட்டினார். காசை விரலால் தள்ளிவிட்டார்.

"இந்த ஆளு என் மாமியார் மாதிரியே முறைக்கிறாரு. நீயே வெச்சுக்கோ, தபாலு."

நெவில் அதை உள்ளங்கையில் மூடிக்கொண்டார். இது போதும் என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தார். போதவில்லை.

ப்ரீஸம்மா மின்சார பில் வந்த உறையைத் திருப்பிப் போட்டு, கண்ணாடியை மூக்கில் இறக்கி எழுதினார். "எட்டு வருஷம் முன்னாடி குழி தோண்டினவன் ஒரு வார்த்தை சொல்லாம ஓடிட்டான். சொல்லியிருந்தா அந்த மாடு பொழச்சிருக்கும். நீ மானத்தை விட்டு ஓடியாந்து சொன்னே. அது எனக்குப் புரியுது." எழுதி முடித்து உறையை மேசையில் நகர்த்தினார். "ஆனா காதைப் பொத்திக்கிட்டு வர்ற ஆளுக்கு நான் வயலைத் தர மாட்டேன்."

உறை நெவிலைத் தாண்டி க்ளெனிஸின் தட்டருகே போய் நின்றது. அதில் எழுதியிருந்தது: *சேப்பல் வயலில் தேட க்ளெனிஸ் பெடோஸுக்கு அனுமதி. குழி மூட ஒரு ஆளைக் கூட்டிவரலாம்.*

க்ளெனிஸ் இரண்டு முறை படித்தாள். உறையை மடித்துக் கைப்பையில் வைத்து, பையின் வாயை மூடினாள்.

"ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்குக் கிளம்பணும்" என்றாள் புருஷனிடம். "போற வழியில உனக்கு ஒரு ரப்பர் பூட்ஸ் வாங்கிடலாம்."