பின்பாரம்

ப்ரென்ட் என்ற அந்த விற்பனைக்காரன் ஓடி வந்து கை கொடுத்தது வெர்லினுக்கு மட்டும். பக்கத்தில் நின்ற மனைவி ரோண்டாவுக்கு ஒரு சிரிப்பு. மகள் ஷெல்பிக்கு அதுவும் கிடையாது. ஷெல்பிக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டாள். ஆரம்பத்திலேயே சண்டை போட்டால் அப்பா வீம்புக்காகவே இருப்பதில் பெரியதை வாங்கிவிடுவார்.

எல் கஹோன் ஊரின் வெயில் முழுவதும் அந்த மைதானத்துத் தகரங்களின் மேல்தான் விழுந்தது போலிருந்தது. டிரெய்லர்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் முன்பாதி வீடு: அடுப்பு, கட்டில், கக்கூஸ். பின்பாதி வெறும் கொட்டகை. பின்சுவரை இறக்கினால் அதுவே சாய்தளமாகும். மணல்மேடுகளில் ஏறி இறங்கி விளையாட ஓட்டுகிற சின்ன மணல் வண்டியை அப்படியே உள்ளே ஏற்றிவிடலாம். அக்டோபர் பிறந்தால் ஊரில் பாதிப் பேர் இதைப் பிக்கப் லாரியின் பின்னால் மாட்டிக்கொண்டு மலை இறங்கி, இம்பீரியல் பக்கத்து மணல்மேடுகளுக்குப் போய்விடுவார்கள். வெர்லின் குடும்பமும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது, போன வருடம் வரைக்கும்.

போன வருடம் தேங்ஸ்கிவிங் விடுமுறை வாரத்தில், மலை இறக்கத்தில், பழைய டிரெய்லர் இடமும் வலமுமாக ஆடி, பிக்கப்பைக் குறுக்கே மடக்கி, சாலையோரம் சாய்ந்தது. வெர்லினுக்கு ஒரு கீறல் இல்லை. ரோண்டாவுக்குக் காறை எலும்பு முறிந்தது. பின்னால் வந்த சினேகிதர்கள் எல்லாரும் சொன்ன காரணம் ஒன்றுதான்: காற்று. அந்தக் கூட்டத்தில் அது ஒரு மரியாதை. உன் வண்டிக்கு இந்தப் பாரம் தாங்காது, உனக்கு இழுக்கத் தெரியவில்லை என்று எவனும் எவனுடைய முகத்துக்கு நேராகவும் சொல்ல மாட்டான். குடித்தே செத்தவனை நெஞ்சுவலியில் போனான் என்று சொல்கிற மாதிரி, கவிழ்ந்தவனுக்குக் காற்று.

ஷெல்பி அந்தக் காற்றை நம்பவில்லை. குடும்பத்தில் கல்லூரியை முடித்த முதல் ஆள் அவள்தான். இப்போது ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. நொறுங்கிய வண்டிகளின் படங்களைக் காலையிலிருந்து மாலை வரை பார்ப்பதுதான் உத்தியோகம். மடங்கிக் கிடக்கும் டிரெய்லர் எது வந்தாலும் வலதுபக்க இருக்கையைத்தான் முதலில் பார்ப்பாள். அம்மாவின் இருக்கை. இந்தத் தேங்ஸ்கிவிங்குக்கு அம்மா மறுபடி அதில் ஏறி உட்காரப் போகிறாள். தடுக்க முடியுமா? முடியாது. குறைந்தபட்சம் பின்னால் மாட்டுகிற சனியனாவது சின்னதாக இருக்க வேண்டும். அதற்காகத்தான் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள்.

வெர்லின் நேராகப் போய் நின்றது மைதானத்திலேயே நீளமானதன் முன்னால்.

அவருக்கும் ஒரு நியாயம் இருந்தது. மணலில் எல்லா டிரெய்லர்களையும் வட்டமாக நிறுத்தி, நடுவில் நெருப்பு மூட்டுவார்கள். விபத்துக்குப் பிறகு இரண்டு முறை அவர் டுவேன் என்ற கூட்டாளியின் டிரெய்லரில் விருந்தாளியாகப் போனார். சோபாவில் படுத்தார். காலையில் கக்கூஸுக்குக் காத்து நின்றார். ஊருக்கெல்லாம் கான்கிரீட் தளம் போட்டுக் கொடுக்கிற ஆளுக்கு அந்த வட்டத்தில் தன்னுடையது என்று ஓர் இடம் இல்லை. திரும்பி வந்து அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. டிரெய்லர் விளம்பரப் புத்தகங்களை மட்டும் வாங்கிக் குவித்தார்.

"உங்க பிக்கப்பு இத கண்ண மூடிட்டு இழுக்கும் சார்" என்றான் ப்ரென்ட்.

எந்த எடையைச் சொல்கிறாய் என்று ஷெல்பி கேட்டாள். அவன் அட்டையில் இருந்த எடையைக் காட்டினான். அது காலி டிரெய்லரின் எடை என்றாள் அவள். தண்ணீர், பெட்ரோல், விறகு, ஐஸ் பெட்டி, மணல் வண்டி எல்லாம் ஏறினால் என்ன வரும்? இழுப்பது வேறு, சுமப்பது வேறு. முன்கொக்கி பிக்கப்பின் முதுகில் எவ்வளவு அழுத்தும்? ப்ரென்ட் பதிலை வெர்லினைப் பார்த்துச் சொன்னான்: நிறையப் பேர் இதே பிக்கப்பில் இதே டிரெய்லரை எடுத்துப் போகிறார்கள், ஒருவரும் திரும்பி வந்து குறை சொன்னதில்லை.

"திரும்பி வந்தவங்க சொல்லல" என்றாள் ஷெல்பி.

வெர்லினின் கழுத்து சிவந்தது. "நாலு வருஷம் காலேஜ்ல பயப்படறதுக்குத்தான் சொல்லிக் குடுத்தாங்களா, புள்ள?"

"கூட்டல் சொல்லிக் குடுத்தாங்கப்பா. அது போதும் இதுக்கு."

மோட்டார் ஹோம் பார்க்கலாமே என்றும் சொல்லிப் பார்த்தாள். வீடும் இன்ஜினும் ஒரே உடம்பு, பின்னால் எதுவும் ஆடாது. வெர்லின் காது கொடுக்கவில்லை. கொட்டகை உள்ள மோட்டார் ஹோம் வாங்க நாம் என்ன காசு கொழிக்கிற பல் டாக்டரா என்றார். அது ரிப்பேர் ஆனால் வீடே மெக்கானிக் ஷெட்டில் கிடக்கும் என்றார். அதில் உண்மை இருந்தது. அதனால் இன்னும் எரிச்சலாக இருந்தது.

இவ்வளவுக்கும் நடுவில் ரோண்டா டிரெய்லரைச் சுற்றிப் பார்த்தாள். உள்ளே ஏறி அலமாரிக் கதவுகளைத் திறந்து மூடினாள். கட்டிலில் உட்கார்ந்து எழுந்தாள். இறங்கி வந்து, தண்ணீர்த் தொட்டி எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். முன்பக்கம், கட்டிலுக்குக் கீழே என்று ப்ரென்ட் வெர்லினிடம் சொன்னான்.

ரோண்டா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். ஷெல்பி முதல் வகுப்பில் இருந்தபோது ஆரம்பித்த வேலை. வண்டி நிறையக் குழந்தைகளோடு மலைப்பாதையில் தினமும் ஏறி இறங்குகிறாள். ஆனால் சொந்த டிரெய்லரை ஒருநாளும் இழுத்ததில்லை. மணலுக்குப் போகும்போது ஆண்கள்தான் ஓட்டுவார்கள். பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாண்ட்விச் பிரித்துக் கொடுப்பார்கள். யாரும் போட்ட சட்டம் இல்லை. யாரும் மீறியதும் இல்லை.

வாங்குவதற்கு முன் சொந்த மணல் வண்டியை ஏற்றிப் பார்ப்பது அங்கே வழக்கம். பக்கத்து வீட்டுக்காரரின் கூரையில்லாத தட்டு டிரெய்லரை இரவல் வாங்கி, வெர்லின் தன் மணல் வண்டியைக் கொண்டுவந்திருந்தார். புதிய டிரெய்லரைப் பிக்கப்பில் மாட்டி, அதன் கொட்டகைக்குள் மணல் வண்டியை ஏற்றி நான்கு பக்கமும் பட்டை போட்டு இறுக்கினார். அந்த வேலையை அவர் சுத்தமாகச் செய்வார்; அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் மணல் வண்டிக்கு இன்ஜின் பின்னால். கொட்டகை டிரெய்லருக்குப் பின்னால். எல்லாப் பாரமும் வாலில் போய் உட்கார, பிக்கப்பின் பின்பக்கம் லேசாக மேலே எழும்பியது. ஷெல்பி பார்த்த விபத்துப் படங்களுக்கெல்லாம் முன்னால் அந்த எழும்பல் இருந்திருக்கும். படம் எடுக்கும்போது எல்லாம் முடிந்து போயிருக்கும், அவ்வளவுதான்.

தண்ணீர் நிரப்பினால் முன்பக்கம் சரியாக அமுங்கிவிடும் என்றான் ப்ரென்ட்.

"தண்ணி ஊத்தலன்னா வாலு ஆடும். ஊத்துனா பிக்கப்பு முதுகு தாங்காது. ரெண்டுல எத வாங்கிட்டுப் போகச் சொல்றீங்க?" என்று கேட்டாள் ஷெல்பி.

ப்ரென்ட் சிரித்து மழுப்பினான். வெர்லின் சாவியைச் சுண்டிப் பிடித்தார். ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து பேசலாம் என்றார். அதற்கு அர்த்தம் ஷெல்பிக்குத் தெரியும்: கையெழுத்து போடப் போகிறார். அம்மா வழக்கம்போல வலதுபக்கக் கதவை நோக்கிப் போனாள். ஷெல்பி அவள் முழங்கையைப் பிடித்தாள்.

"நீ ஏறாதம்மா. நான் முன்னாடி உக்காந்துக்கறேன். நீ இங்கயே இரு."

ரோண்டா மகளை ஒரு பார்வை பார்த்தாள். கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, பிக்கப்பின் முன்பக்கமாகச் சுற்றி வந்து, வெர்லினின் முன்னால் நின்றாள்.

"சாவியக் குடு."

"எதுக்கு?"

"ஓட்டிப் பாக்கணும்னு சொன்னியே. பாக்கறேன்."

"மேடம், இது பஸ்ஸு மாதிரி இல்ல..." என்று ப்ரென்ட் இழுத்தான்.

"தெரியும் தம்பி. பஸ்ஸா இருந்தா சாவி எங்கிட்டயே இருக்கும், கேக்க வேண்டியதில்ல."

ஓர் அன்னிய ஆணின் முன்னால் மனைவியோடு சாவிக்காக இழுபறி நடத்த வெர்லினால் முடியவில்லை. கொடுத்தார். நாலு எட்டு தள்ளிப் போய், சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். பிறகு வலதுபக்கம் ஏறினார். ஷெல்பியும் ப்ரென்டும் பின்னால் ஏறினார்கள்.

கிழக்கே போகும் பெருஞ்சாலையில் ஏற்றம் முழுவதும் ஒன்றும் நடக்கவில்லை. வெர்லின் வழி நெடுக வகுப்பெடுத்துக்கொண்டே வந்தார்: தடம் மாறும்போது வால் நீளம் நினைவிருக்கட்டும், கண்ணாடியைப் பார். ரோண்டா சரி சரி என்றாள். ஷெல்பி பின்கண்ணாடி வழியாக டிரெய்லரின் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அசையாத ஒவ்வொரு நொடியும் அசையப் போகிற நொடியாகவே இருந்தது. ஆல்பைன் என்ற ஊரில் பெருஞ்சாலையை விட்டு இறங்கித் திரும்பி, இறக்கத்துக்கு வந்தார்கள்.

பாதி இறக்கத்தில் ஒரு பெரிய லாரி அவர்களை முந்தியது. அதன் காற்று முதலில் டிரெய்லரின் பின்பக்கத்தைத் தள்ளியது, பிறகு உள்ளே உறிஞ்சியது. ஷெல்பி பார்த்துக்கொண்டிருந்த நெற்றி இடதுபக்கம் போனது. வந்தது. வலதுபக்கம் இன்னும் தூரமாகப் போனது. பிக்கப்பின் பின்பக்கத்தை யாரோ வாலைப் பிடித்து உலுக்குவது போல இருந்தது.

"பிரேக்கு! மிதி ரோண்டா, மிதி!" வெர்லினின் கை கதவுக்கு மேலிருந்த பிடியைப் பற்றியிருந்தது. இன்னொரு கை காற்றில் எதையோ தேடியது.

ரோண்டா மிதிக்கவில்லை. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டாள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி, வலது கையை மட்டும் இறக்கி, டாஷ்போர்டுக்குக் கீழே இருந்த சின்ன நெம்புகோலை அமுக்கினாள். டிரெய்லரின் சக்கரங்களை மட்டும் பிடிக்கிற பிரேக் அது. பின்னாலிருந்து யாரோ கயிற்றை இழுத்து இறுக்கியது போல டிரெய்லர் நீண்டு நேரானது. ஓர் ஆட்டம், இன்னும் சின்னதாக ஓர் ஆட்டம். நின்றது. அவள் வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டினாள்.

பக்கத்தில் வண்டிகள் உரசிப் போயின.

"மிதிக்கச் சொன்னேன்ல" என்றார் வெர்லின்.

"மிதிச்சா முன்னாடி இருக்கறது நிக்கும், பின்னாடி இருக்கறது வந்து ஏறும். போன வருசம் நீ மிதிச்சப்ப நான் அந்த சீட்லதான் உக்காந்திருந்தேன், வெர்லின்."

"அன்னிக்குக் காத்து..."

"காத்து அடிச்சுச்சு. இல்லங்கல. அப்பறம் நீ மிதிச்ச."

ப்ரென்ட் சன்னல் வழியாகப் புதர்களை ஆராய ஆரம்பித்தான். அவனுடைய பிழைப்பில் இது புதுசாக இருக்காது. ஷெல்பிக்குத்தான் முகத்தில் அறைந்தது போல் இருந்தது. ஒரு வருடமாகப் பாரம், பாரம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த வண்டியில் இருந்த இன்னோர் ஆளிடம், தினமும் மலை இறங்குகிற ஆளிடம், என்ன நடந்தது என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. வலிக்குதா என்று கேட்டாள். அதோடு சரி. அப்பா மட்டுமா அம்மாவை சாண்ட்விச் பிரிக்கிறவளாகப் பார்த்தார்?

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல நீ" என்றார் வெர்லின். அவர் இன்னும் பிடியை விடவில்லை.

"எங்க சொல்றது? ஆஸ்பத்திரில டுவேன்லேருந்து அத்தன பேரும் காத்து காத்துன்னு சொல்லிட்டிருந்தானுங்க. நீ என் தலமாட்டுல உக்காந்து அழுதுட்டிருந்த. அதுக்கு நடுவுல சொல்லணுமா?" அவள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்தாள். "ஒரு வருசமா ராத்திரில முழிச்சிக்கறேன். இந்தத் தடவ வரலன்னு சொல்லிடலாம்னுதான் இருந்தேன். அப்பறம், நான் வரலன்னா நீ தனியா எறங்குவியேன்னு அது வேற பயம்."

வெர்லின் முன்னால் குனிந்தார். இறக்கத்தைப் பார்த்தார். தன் சொந்த வண்டியில் அந்தப் பக்க இருக்கையிலிருந்து அவர் இறக்கத்தைப் பார்ப்பது இதுதான் முதல்முறை. அங்கே ஸ்டியரிங் இல்லை, பிரேக் இல்லை. வருவதைப் பார்த்துக்கொண்டு உட்காருவதைத் தவிர வேறு வேலை இல்லை.

"இந்த டிரெய்லர் வேணாம்" என்றாள் ரோண்டா. "குட்டையா ஒண்ணு பாப்போம். கொட்டகை சக்கரத்துக்கு மேல வர்ற மாதிரி. ஏத்தம் நீ ஓட்டு. எறக்கம் நான்."

"எல்லாரும் பாப்பானுங்க ரோண்டா."

"பாக்கட்டும்."

அவர் ஒருவழியாகப் பிடியை விட்டார். அவள் மறுபடி வண்டியைக் கிளப்பி, ஊர்ந்து ஊர்ந்து மைதானத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தாள்.

பின்வரிசையில் சின்ன டிரெய்லர் ஒன்று இருந்தது. கட்டிலை மடக்கினால்தான் மணல் வண்டி ஏறும். ஏறினால் நடக்க இடமில்லை. அழகும் இல்லை. ஷெல்பி எடைகளைக் கூட்டினாள். இந்த முறை அம்மாவிடம் கேட்டுக் கேட்டுக் கூட்டினாள். தண்ணீர் எவ்வளவு கொண்டுபோவோம்? விறகை எங்கே வைப்போம்? கணக்கு இடித்துப் பிடித்து உள்ளே அடங்கியது. ப்ரென்ட் பழக்கதோஷத்தில் வெர்லினைப் பார்த்து அதன் பெருமைகளை ஆரம்பித்தான்.

"அவகிட்ட சொல்லு" என்றார் வெர்லின். எரிச்சலாகத்தான் சொன்னார். மணல் வண்டியைத் தானே இறக்கி, தானே இதில் ஏற்றிப் பட்டை கட்டினார். வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

கொக்கியை மாட்டி முடித்ததும் ரோண்டா, "அதே ரோடு" என்றாள்.

அதே இறக்கம். மைதானத்தையே இரண்டு சுற்று சுற்றினால் போதாதா என்று கேட்க ஷெல்பிக்கு நாக்கு வரை வந்தது. வெர்லினும் அதையேதான் நினைத்திருக்க வேண்டும். மகளைத் திரும்பிப் பார்த்தார். இருவரும் கேட்கவில்லை. ஏற்றம் தன் முறை என்றுகூடப் பார்க்காமல் அவர் வலதுபக்கக் கதவைத் திறந்து, ஏறி, பெல்ட்டை இழுத்து மாட்டி, சரியாக மாட்டியிருக்கிறதா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.